பெற்றோல் நிறைய அடித்தால் இரண்டு கிலோமீற்றர், குறைய அடித்தால் ஏழு

கேள்வி:

அண்ணா, நான் மல்லாவிப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக (மருத்துவமாதுவாக) இருக்கிறேன். அப்பாவின் 100 சிசி மோட்டார் சைக்கிளில்தான் வீடு வீடாகப் போய் வருகிறேன். கடந்த ஆண்டு அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு, மாரி முழுவதும் அது மாட்டுக்கொட்டில் பத்தியில் சும்மா நின்றது. ஐந்து மாதம் இருக்கும். தை பிறந்து ஓடத் தொடங்கியதிலிருந்து ஒரே தொல்லை. காலையில் சோக் இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை விட்டதும் சத்தம் ஏறி இறங்கி நின்றுவிடுகிறது. ஓடும்போது அக்சிலேற்றரை விட்டால் சைலன்சருக்குள் டப், டப் என்று வெடிக்கிறது. அது போதாதென்று, ஆறேழு கிலோமீற்றர் போனதும், வவுனிக்குளத்தை நெருங்கும்போது, இழுத்து இழுத்து ஓய்ந்துவிடுகிறது. பத்து நிமிடம் மரநிழலில் நின்றால் ஒன்றும் நடக்காதது போலத் திரும்ப ஓடுகிறது. மதியம் கடும் வெயிலில் திரும்பி வரும்போது அநேகமாக நிற்பதில்லை. ஒருநாள் சம்பளம் எடுத்த கையோடு மாங்குளத்தில் தாங்கி நிறையப் பெற்றோல் அடித்தேன். இரண்டு கிலோமீற்றர் வருவதற்குள் நின்றது. பெற்றோல் பிழை என்றார்கள். கராஜில் பிளக், கொயில் இரண்டும் புதிதாகப் போட்டார்கள். காபரேற்றரை இரண்டு தரம் கழுவினார்கள். இப்போது புதுக் காபரேற்றர் வாங்கச் சொல்கிறார்கள். இன்னொருவர் இஞ்சின் இறக்க வேண்டும் என்கிறார். பக்கத்து வீட்டு மாமா கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து ஓடிப் பார் என்கிறார். அப்பாவுக்குப் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. நான் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் திண்ணையில் இருந்து கையை ஆட்டி ஏதோ சொல்ல வருகிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்:

தங்கச்சி, காபரேற்றர் வாங்க வேண்டாம். இஞ்சினும் இறக்க வேண்டாம். மாமாவின் மண்ணெண்ணெய்க் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முப்பது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கராஜுக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் "சரியில்லை, பாருங்கோ" என்று திறப்பைக் கையில் தந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். எப்போது நிற்கிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, வெயிலிலா பனியிலா, தாங்கியில் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் கோபம்கூட வரும். நீங்கள் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். கிளினிக்கில் தாய்மாரிடம் "எப்ப தொடங்கினது, எத்தனை நிமிசத்துக்கு ஒருக்கா வருது" என்று கேட்டுக் கேட்டு வந்த பழக்கமாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளைப் பார்க்காமலே முக்கால்வாசிப் பதிலை உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

உங்கள் வண்டிக்கு வந்திருப்பது ஒரு நோயல்ல, இரண்டு. சோக்கை விட்டதும் நிற்பது ஒன்று. ஆறேழு கிலோமீற்றரில் ஓய்வது வேறொன்று. இரண்டும் ஒரே மாரியில் ஒன்றாக வந்ததால் எல்லோரும் ஒன்றாகவே பார்த்திருக்கிறார்கள். ஒன்றைத் திருத்தினாலும் மற்றது நின்று குழப்புவதால், திருத்தியதே பலிக்கவில்லை என்று அடுத்த சாமானை மாற்றத் தோன்றும். கொயில் அப்படித்தான் மாறியது. காபரேற்றரும் அப்படித்தான் மாறப் பார்க்கிறது.

முதலில் வழியில் நிற்கிற நோய். அதற்கான சாட்சி, நீங்கள் பெற்றோல் பிழை என்று நம்பிவிட்ட அந்த மாங்குளத்து நாள்தான்.

காபரேற்றர் என்பது பெற்றோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுப்பது. உங்கள் வண்டியில் தாங்கியிலிருந்து அதற்குப் பெற்றோலைத் தள்ளிக் கொடுக்கப் பம்ப் ஏதும் கிடையாது. தாங்கி உயரத்தில் இருக்கிறது, காபரேற்றர் ஒரு சாண் பதிவாக இருக்கிறது. அந்தப் பாரத்தில் தானாக இறங்குகிறது. இறங்கும் பெற்றோலின் இடத்துக்குக் காற்று வர வேண்டும். டின்பால் பேணியில் ஒரு துளை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் பால் வராது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளை போட்டால்தான் வரும். உங்கள் தாங்கியில் அந்த இரண்டாவது துளை மூடிக்குள் இருக்கிறது. அது அடைபட்டால் தாங்கிக்குள் காற்று மெலிந்து, பெற்றோலைக் கீழே விடாமல் மேலே பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒரு சாண் உயரப் பெற்றோலின் பாரம் மிகச் சிறியது. உள்ளே இருக்கும் காற்று நூற்றில் ஒரு பங்கு மெலிந்தாலே பெற்றோல் இறங்குவது நின்றுவிடும். தாங்கி 10 லீற்றர் கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாக அடிப்பது 2 லீற்றர் என்றால், மேலே 8 லீற்றர் காற்று. அதில் நூற்றில் ஒன்று 80 மில்லிலீற்றர். அவ்வளவு பெற்றோல் இறங்கும்வரைக்கும் வண்டி ஓடும். 1 லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு அது ஐந்து கிலோமீற்றர். காபரேற்றர்க் கிண்ணத்தில் ஏற்கனவே இருப்பது இன்னும் ஒன்று, ஒன்றரை. கூட்டிப் பாருங்கள், வவுனிக்குளம் வந்துவிடும். தாங்கியை நிறைத்த நாளில் மேலே காற்றுக்கு இடமே இல்லை. கிண்ணத்தில் இருந்ததோடு சரி. அதனால்தான் இரண்டு கிலோமீற்றரில் நின்றது. மாங்குளத்துப் பெற்றோலில் ஒரு பிழையும் இல்லை. பத்து நிமிடம் நின்றால் அடைப்பின் இடுக்குகளால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே கசியும், கிண்ணம் மெல்ல நிறையும், மறுபடி ஓடும்.

மதிய வெயில் சொன்னதும் இதே கதைதான். வெயிலில் நின்ற தாங்கிக்குள் பெற்றோல் ஆவியாகி அமுக்கம் ஏறியிருக்கும். அந்த அமுக்கமே பெற்றோலைக் கீழே தள்ளிக் கொடுக்கும். ஆகவே திரும்பி வரும்போது நிற்காது. கொயில் என்பது பிளக்குக்குப் பொறி கொடுப்பது. சூட்டில் செத்துப்போகிற கொயிலாக இருந்தால் மதியம்தான் முதலில் நின்றிருக்க வேண்டும். காலைக் குளிரில் நின்று மதியம் ஓடுகிற வண்டிக்குக் கொயில் மாற்றியவர் உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி குறைவு. 2011இல், போர் முடிந்து மீளக்குடியமர்ந்து தகரக் கொட்டில் ஒன்றில் வேலை தொடங்கியிருந்த காலம். ஓர் ஆசிரியர் இதே முறைப்பாட்டோடு வந்தார். பிளக் மாற்றினேன், கொயில் மாற்றினேன், காபரேற்றரை மூன்று தரம் கழற்றிப் பூட்டினேன். கடைசியில் நானே ஓடிப் பார்க்கப் போய் நடுவழியில் நின்றேன். பெற்றோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தேன். உஸ் என்று வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. ஒரு உதையில் ஸ்டார்ட் ஆனது. மூடியைத் திருப்பிப் பார்த்தால், துளைக்குள் குளவி அழகாக மண் பூசி வைத்திருந்தது. கொயில் காசைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஆசிரியர் வாங்க மறுத்துவிட்டார். வாங்கியிருந்தால் எனக்கு மறந்திருக்கும்.

வன்னியில் குளவிக்கு ஒரு துளை கண்டால் போதும். பூட்டுத் துவாரம், ஆணி பிடுங்கிய ஓட்டை, தண்ணீர்க் குழாயின் வாய், எதையும் விடாது. மாட்டுக்கொட்டிலில் ஐந்து மாதம் நின்ற வண்டி அதற்குக் கட்டி முடித்த வீடு. இன்னொன்றும் பாருங்கள். மாரியில் தண்ணீர் இறங்காதிருக்க மூடிக்குக் கீழே பொலித்தீன் துண்டு வைத்து இறுக்குகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு. அப்படி யாராவது வைத்திருந்தால் குளவியைத் தேட வேண்டியதில்லை.

வீட்டிலேயே உறுதி செய்யலாம். காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, முற்றத்தில் வெளியாக நிறுத்துங்கள். அடுப்பு, விளக்கு, நுளம்புத்திரி எதுவும் கிட்ட இருக்கக் கூடாது. தாங்கியின் கீழுள்ள பைப்பை (பெற்றோலைத் திறந்து மூடும் குமிழை) பூட்டிவிட்டுக் காபரேற்றருக்குப் போகும் றப்பர்க் குழாயைக் கழற்றி, அதன் நுனியை வெள்ளைக் கண்ணாடிப் போத்தலுக்குள் விடுங்கள். தாங்கி மூடி இறுக்கமாகப் பூட்டியபடியே இருக்கட்டும். பைப்பைத் திறவுங்கள். முதலில் நன்றாகப் பாயும். கொஞ்ச நேரத்தில் நூலாக மெலிந்து, பிறகு சொட்டுச் சொட்டாக வந்தால், மூடியைத் திறவுங்கள். திறந்த அந்தக் கணமே திரும்பப் பீறிட்டுப் பாய்ந்தால் உங்கள் முதலாவது நோய் உங்கள் கையிலேயே இருக்கிறது. தாங்கி ஓரளவு நிறைந்திருந்தால் இது விரைவாகத் தெரியும். குறைவாக இருந்தால் பெரிய போத்தல் வேண்டும். மூடியைத் திறந்த பிறகும் மெலிந்தே வந்தால், அடைப்பு பைப்புக்கு மேலே தாங்கிக்குள் நிற்கும் வலையில் இருக்கிறது. பாதித் தாங்கியோடு மாரியில் நின்ற வண்டிக்கு உள்ளே துரு பிடித்து, அந்தத் தூள் வலையில் படிவதும் வழக்கம்.

போத்தலை எறிந்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் கண்ணாடிக் குண்டுமணி போல உருளுகிற துளிகள் இருந்தால் அது தண்ணீர். பெற்றோலோடு சேராது, அடியில் தனியாக நிற்கும். செம்பழுப்புத் தூள் என்றால் துரு. இரண்டில் எது இருந்தாலும் தாங்கியை முழுவதும் வடித்துக் கழுவ வேண்டும். வடித்ததைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். வாயால் உறிஞ்சி இறக்கவும் வேண்டாம். பெற்றோல் நுரையீரலுக்குள் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் உங்கள் வீட்டு இளந்தாரிகளுக்கு நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும்.

மூடியைச் சுத்தம் செய்யும்போது மேலிருந்து கம்பியால் குத்தாதீர்கள். துளை நேராகப் போகாது, உள்ளே வளைந்து போகும். குத்தினால் மண் இன்னும் உள்ளே இறுகும். மூடியை ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு (மாமாவின் மண்ணெண்ணெய்க்கு இது நல்ல உபயோகம்), மறுநாள் சைக்கிள் பம்பால் இரண்டு பக்கத்திலிருந்தும் காற்று அடியுங்கள். சில மூடிகள் காற்றை உள்ளே மட்டும் விடும், வெளியே விடாது. ஆகவே வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே போகிறதா என்பதைத்தான் சோதிக்க வேண்டும். மூடியை அரைகுறையாகப் பூட்டிக்கொண்டு ஓடினாலும் வேலை நடக்கும், ஆனால் கிரவல் பாதையில் பெற்றோல் துள்ளி இஞ்சின் மேல் விழும். வேண்டாம்.

இனி இரண்டாவது நோய். சோக் என்பது காற்றைக் குறைக்கிற தடுப்பு. சோக் இழுத்தால் நன்றாக ஓடி, விட்டால் நிற்கிற இஞ்சின், "எனக்குப் பெற்றோல் போதவில்லை, அல்லது காற்று கூடிவிட்டது" என்று சொல்கிறது. சோக் இழுத்ததும் இன்னும் மோசமாகிக் கறுப்புப் புகை தள்ளினால் எதிர்ப்பக்கம், பெற்றோல் கூட. கிராமத்தில் இதைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது, காசும் இல்லை. அக்சிலேற்றரை விடும்போது சைலன்சர் வெடிப்பதும் இதே பக்கத்துச் சாட்சிதான். உங்கள் இஞ்சின் மெதுவாக ஓடும்போது பசியோடு ஓடுகிறது.

பசிக்கு இரண்டு காரணம் இருக்கலாம். லேசானதை முதலில் பார்க்க வேண்டும். காபரேற்றருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் ஒரு றப்பர் இணைப்பு அல்லது கறுப்புக் கட்டையொன்று இருக்கும். இரண்டு தரம் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்பதால் இதில் எனக்குச் சந்தேகம் அதிகம். கிளிப் இறுகாமலிருக்கலாம், றப்பர் வெடித்திருக்கலாம், உள்ளே இருக்கும் வளையம் நசுங்கியிருக்கலாம். சோக்கை அரைவாசி வைத்து ஸ்டார்ட் செய்து, அந்த இணைப்பின் மேல் சவர்க்காரத் தண்ணீரைக் கொஞ்சம் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. காபரேற்றர் கழுவும் ஸ்பிரே அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். சூடான இஞ்சினில் அது தீப்பிடிக்கும், தண்ணீரே போதும். இந்தச் சோதனையை வெளியில் வைத்துச் செய்யுங்கள். கொட்டிலுக்குள் இஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு நச்சு வாயு, அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

அதில் பிழை இல்லையென்றால் காபரேற்றருக்குள் போக வேண்டியதுதான். கழுவினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பல இடங்களில் கழுவுவது என்றால் அடிக் கிண்ணத்தைக் கழற்றி, பெற்றோல் ஊற்றித் துடைத்துப் பூட்டுவதுதான். உங்கள் சிக்கல் இருக்கும் இடம் அதுவல்ல. கிண்ணத்துக்கு மேலே, நடுவில் பெரிய பித்தளை ஜெற் (பெற்றோல் போகும் துளையுள்ள திருகாணி) ஒன்று தெரியும். அதற்குப் பக்கத்தில், ஒரு குழிக்குள் ஒளிந்தபடி, சிறியது ஒன்று இருக்கும். சும்மா நின்று ஓடும்போது இஞ்சினுக்குச் சோறு போடுவது இந்தச் சின்ன ஜெற். அதன் துளை அரை மில்லிமீற்றரும் வராது. காபரேற்றரில் ஐந்து மாதம் தங்கிய பெற்றோல் பறந்துபோக, மிஞ்சுவது பழைய வார்னிஷ் போன்ற பிசின். கிண்ணத்தைத் திறந்ததும் அந்தப் புளித்த மணம் உங்களுக்கே தெரியும். பெரிய ஜெற் அதற்குத் தப்பிவிடும், சின்னது தப்பாது.

அந்தக் குழிக்குள் சரியாகப் பொருந்துகிற, ஒடுங்கிய தட்டை முனை ஸ்குரூ டிரைவர் வேண்டும். பெரியதை வைத்துத் திருகினால் பித்தளை பிய்ந்துவிடும், பிறகு உண்மையிலேயே புதுக் காபரேற்றர்தான். கழற்றிய ஜெற்றை வானத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவில், விளிம்பு சுத்தமான வட்டமாக, வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை வடிவில் தெரிந்தாலோ, மங்கலாகத் தெரிந்தாலோ, எதுவுமே தெரியாவிட்டாலோ, இரண்டு தரம் கழுவினோம் என்றவர்களுக்கு அதைக் காட்டலாம். ஊசி உங்கள் பையில் எப்போதும் இருக்கும். தயவுசெய்து அதை எடுத்துக் குத்திவிடாதீர்கள். உருக்கு ஊசி பித்தளைத் துளையைப் பெரிதாக்கிவிடும், பிறகு ஆயுள் முழுக்கப் பெற்றோல் குடிக்கும். இரவு முழுக்கக் காபரேற்றர் கழுவும் திரவத்தில் ஊறவிட்டு, காற்று அடித்து, அப்போதும் திறக்காவிட்டால் மெல்லிய வயருக்குள் இருக்கும் செப்பு நூலில் ஒரே ஒரு இழையை எடுத்து மெதுவாக விடுங்கள். செப்பு இளகியது, பித்தளையை அவ்வளவாக அரிக்காது. கண்ணாடி போட்டுக்கொண்டு காற்று அடியுங்கள், திரவம் எந்தத் துளையால் கண்ணுக்குப் பாயும் என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் செய்யும் முன், காபரேற்றரின் பக்கத்திலுள்ள சிறிய திருகாணியைப் பற்றி ஒரு சொல். ஊரில் எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான். அதை இப்போதிருக்கும் நிலையிலிருந்து மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதுங்கள். இறுக்க வேண்டாம், முட்டினால் போதும், முனை ஊசி போன்றது. கராஜில் கண்டபடி திருப்பியிருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லைதான், ஆனாலும் எழுதுங்கள். பூட்டும்போது ஒன்றரை முதல் இரண்டு சுற்று வரைக்கும் வெளியே எடுத்து, அங்கிருந்து தொடங்கலாம். அந்தத் திருகாணி எயார் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை ஆள்கிறது, உள்ளே திருகினால் பெற்றோல் பங்கு கூடும். இஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோலை ஆள்கிறது, வெளியே எடுத்தால்தான் கூடும். இந்த வித்தியாசம் தெரியாமல் தலைகீழாகத் திருப்பிக்கொண்டிருந்த மெக்கானிக்மாரை நான் கண்டிருக்கிறேன், ஒரு காலத்தில் கண்ணாடியிலும் கண்டிருக்கிறேன்.

மாமாவின் ஆலோசனை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னியில் பெற்றோல் என்பது வாசனைத் திரவியம் மாதிரி. ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. கண்மருந்துப் போத்தலில் சில துளி பெற்றோல் வைத்திருப்போம். அதைக் காபரேற்றர் வாயில் விட்டு உதைத்து, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வெள்ளைப் புகை, நெஞ்சைப் பிடிக்கும் மணம், வாரத்துக்கு ஒரு தரம் பிளக் சுரண்டல். அந்த நாள்களில் இஞ்சின் செத்தாலும் வேறு வழியில்லை. மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து ஒயிலோடு கலந்து ஒயிலைத் தண்ணீராக்கும். பாரம் ஏறும்போது இஞ்சின் உள்ளே தட்டும். வேறு வழி இருக்கிற காலத்தில் அது வேண்டாம். இதோடு சேர்த்து இன்னொன்றைக் கேட்க வேண்டும்: வீட்டில் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் எடுக்கும் கானும், பெற்றோல் எடுக்கும் கானும் ஒன்றா? ஒன்றென்றால் நீங்கள் அறியாமலே மாமாவின் வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூஆர் குறியீட்டுக்கு வாரம் 4 லீற்றர் கிடைத்த காலத்தில் மிச்சம் பிடித்துக் கானில் வைத்த பெற்றோலை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிற வீடுகளும் உண்டு. அதை வண்டிக்கு விடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் அந்தப் பக்கம் கை காட்டவில்லை. எயார் பில்டரைத் திறந்து பாருங்கள். கிரவல் பாதைச் செந்தூள் ஒரு பக்கம், எலி கொண்டுவந்து வைத்த வைக்கோல் மறுபக்கம் இருக்கலாம். ஸ்பொஞ் என்றால் சவர்க்காரத்தில் கழுவி, நிழலில் காயவைத்து, இரண்டு துளி இஞ்சின் ஒயில் விட்டுப் பிழிந்து பூட்டுங்கள். கடதாசி என்றால் கழுவாதீர்கள், மாற்றுங்கள். பில்டரைக் கழற்றிவிட்டு ஓடினால் நன்றாக இழுக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். எங்கள் தூசி பிஸ்டனை அரைத்து ஒரு வருடத்தில் முடித்துவிடும்.

புதுப் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பாருங்கள். நுனி மாரி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது. வெள்ளையாக வெளுத்திருந்தால் பசி, நான் சொன்னதற்குச் சாட்சி. கரி படிந்தால் பெற்றோல் கூட. எண்ணெய் ஈரம் இருந்தால் மட்டும் இஞ்சின் இறக்கும் கதை பேசலாம். நுனியில் பொறி பாயும் இடைவெளி பல வண்டிகளுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரைக்கும். திரும்பப் போடும்போது முதல் நாலு சுற்றும் விரலால் திருகுங்கள். சிலிண்டர்த் தலை அலுமினியம், ஸ்பனரோடு தொடங்கினால் புரி போய்விடும்.

ஒருநாள் இரவு, கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து, முற்றத்தில் வண்டியை ஓடவிட்டுப் பிளக் வயரைத் தொடாமல் உற்றுப் பாருங்கள். எங்காவது நீலமாகப் பொறி துள்ளினால் வயர் கசிகிறது. வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டபடி ஹாண்டிலை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் திருப்புங்கள். திருப்பும்போது இஞ்சின் திணறினால், கழுத்துப் பகுதியில் திறப்புக்குப் போகும் வயர் முறிந்திருக்கிறது. வால்வு இடைவெளியை நீங்களாகத் தொட வேண்டாம். அது இஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கையில், தகடு வைத்து அளக்கிற வேலை. ஒரு தரம் யாராவது பக்கத்திலிருந்து காட்டித் தர வேண்டும். அளக்காமல் சத்தத்தைக் கேட்டு இறுக்குகிறவரிடமும் கொடுக்க வேண்டாம். இறுகின வால்வு சூட்டில் மூடாது, பிறகு மூன்றாவதாக ஒரு நோய் வரும்.

எதைச் செய்தாலும் ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். முதல் நாள் மூடி. அன்றைக்கு வவுனிக்குளம் தாண்டிப் போய்ப் பாருங்கள். ஐட்லிங், அதாவது சும்மா நின்று ஓடுவது, அப்போதும் மோசமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து மனம் விட வேண்டாம். அது அடுத்த நாள் வேலை. கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். திருகாணிகளை வெள்ளைத் துணியில் கழற்றிய வரிசையில் வையுங்கள், கோழி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன ஜெற்றைச் சுத்தம் செய்து பூட்டிய பிறகு, ஐட்லிங் பிடிக்கும் வேலை மிஞ்சும். இஞ்சினை நன்றாகச் சூடாக்கி, பக்கத்துத் திருகாணியைக் காற்சுற்றுக் காற்சுற்றாகத் திருப்பி, சத்தம் எந்த இடத்தில் அதிகமாக ஏறி ஒரே சீராக நிற்கிறதோ அங்கே விட வேண்டும். அதன் பிறகு வேகத் திருகாணியால் சத்தத்தைக் குறைக்கலாம். காதால் பிடிக்கிற வேலை இது. கதிரையைத் திண்ணையிலிருந்து முற்றத்துக்குக் கொண்டுவந்து அப்பாவைப் பக்கத்தில் இருத்துங்கள், புகை அவர் பக்கம் போகாதபடி. அந்த இஞ்சின் சரியாக ஓடும்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். அவர் இவ்வளவு நாளும் கையை ஆட்டிச் சொல்ல வந்தது தாங்கி மூடியைத்தானோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் திருப்புங்கள், எந்த இடத்தில் நிறுத்துவதென்று அவர் கையால் காட்டட்டும்.

முடிந்ததும் எனக்கு இரண்டு விஷயம் எழுதுங்கள்: மூடியைத் திறந்தபோது போத்தலில் என்ன நடந்தது, ஜெற்றுக்குள் வானம் தெரிந்ததா. மூடியில் ஒன்றுமே இல்லை என்றால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். வேறு கேள்விகள் கேட்பேன்.